ஊசி ஒன்று, நீதி இரண்டா?

தோழா!

காட்சி ஒன்று காட்டுகிறேன், காண்பாயாக! இங்கிலாந்து நாட்டு நகரொன்றின் கடைத்தெரு. அடுத்தடுத்து இரு அறைகள். இரண்டிலும் உதட்டை எழிலாக்க, கன்னக் குழியை நிரப்ப, ஊசி போடுகின்றனர். முதல் அறையில் இருப்பவர் செவிலி. ஆண்டுகள் பல பயின்றவர். பதிவேட்டில் பெயர் பொறித்தவர். தவறிழைத்தால் விசாரணை உண்டு. பெயர் நீக்கமும் உண்டு. அடுத்த அறையில் இருப்பவரோ சில நாட் பயிற்சியும் சுவரிலே ஒரு சான்றிதழும் கொண்டவர். அவர் தவறிழைத்தால்? பெயரை நீக்குதற்குப் பதிவேடே இல்லை!

"அழகுக்கு அலைவோர் அல்லலுற்றால் நமக்கென்ன?" என்பாருண்டு. அழகு விளையாட்டாகலாம், ஆபத்து விளையாட்டன்று. உள்ளே செலுத்தும் ஃபில்லர் இரத்தக் குழாயை அடைத்தால் தசை அழுகும், கண்ணொளியும் பறிபோகும். பெரும்பாலான ஃபில்லர்களைக் கரைத்துக் காக்கும் ஹயலுரோனிடேஸ் மருந்துக்கு மருத்துவச் சீட்டு வேண்டும். ஃபில்லருக்கோ சீட்டே வேண்டாம்! தீ மூட்டத் தடையில்லை. அணைக்கும் நீருக்கு அனுமதிச் சீட்டு!

எச்சரிக்கை எழாமலில்லை. பிரெஞ்சு நிறுவனமொன்றின் மார்பகப் பொருத்து மோசடி 2010-ல் அம்பலமாயிற்று. அதன் பின்னர் சர் புரூஸ் கியோ தலைமையிலான குழு, 2013-ல் தந்த அறிக்கையில், ஊசி போடுவோர்க்குப் பயிற்சியும் பதிவும் வேண்டுமென்றது. 2021-ல், 18 வயது நிரம்பாதார்க்கு அழகுக்காக இவ்வூசி போடுவது இங்கிலாந்தில் குற்றமாயிற்று. 2022-ல் உரிமமுறை கொணரும் அதிகாரத்தை நாடாளுமன்றம் அமைச்சருக்கு வழங்கிற்று. 2025 ஆகஸ்டில் வந்ததோ மீண்டும் திட்ட அறிவிப்பு, உரிமமன்று!

செவிலியர் மீது மட்டும் கட்டளை தாமதிக்கவில்லை. அழகுச் சிகிச்சைக்கு மருந்தெழுதும் செவிலி, வந்தவரை நேரில் கண்ட பின்னரே எழுதவேண்டுமென, 2025 ஜூன் 1 முதல் அவர்தம் ஒழுங்காற்று மன்றம் விதித்தது. நன்று! காணாத முகத்துக்கு மருந்தெழுதுவதை நாம் ஆதரியோம். கட்டு கேடன்று, கட்டுப்பட்டவர்க்கே மேலும் கட்டு, கட்டற்றவர்க்குக் கதவு திறப்பு என்பதே கேடு.

வரலாற்றைப் புரட்டிப் பார்! எத்தல் பெட்ஃபோர்டு ஃபென்விக் என்னும் செவிலி, 1887-ல் சங்கம் கண்டு, பதிவேடு கேட்டார். புளோரன்ஸ் நைட்டிங்கேலே எதிர்த்தார்! ஃபென்விக் தளரவில்லை. 32 ஆண்டுகள் போராடினார். 1919-ல் சட்டம் பிறந்தது. பதிவேட்டின் முதற் பெயரும் அவருடையதே. அவர் கேட்டது சலுகையா? இல்லை, பொறுப்பு! எங்கள் பிழைக்கு எங்களைத் தண்டியுங்கள். எங்கள் பெயரால் பிறர் பிழைக்க விடாதீர்கள் என்பதே அக்கோரிக்கையின் உட்பொருள்.

இன்று அழகுச் சிகிச்சைச் செவிலியர்க்கென அந்நாட்டில் தனிச் சங்கம் உண்டு. ஊதியம் கேட்க மட்டுமன்று சங்கம். தொழிலின் மானம் காக்கவும்தான். ஊசி ஏந்தும் கை எதுவாயினும் பெயர் பதியட்டும், பயிற்சி காட்டட்டும், பிழைக்குப் பதில் சொல்லட்டும்!

கற்ற கைக்கு விலங்கு, கல்லாக் கைக்கு விடுதலை என்றால், அதற்குப் பெயர் சட்டமா, தோழா?