சென்னைக் கால்பந்துக் கோஷ்டிக்குச் சிகிச்சை என்ன? ஒரு ரஸிகரின் யோசனை

வானத்தில் நட்சத்திரங்கள் 27 என்று பஞ்சாங்கம் சொல்லுகிறது. நமது சென்னையின் எஃப்.சி. கால்பந்துக் கோஷ்டியின் ஜாதகத்திலும் இந்த 27 புகுந்துகொண்டு, நகர மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறது. 2022-23 ஸீஸனில் 20 ஆட்டங்கள் ஆடி 27 பாயிண்டு பெற்றார்கள், எட்டாவது ஸ்தானம். அடுத்த வருஷம் 22 ஆட்டங்கள்; பாயிண்டு அதே 27. ஆறாவது ஸ்தானம் கிடைத்தது. 2024-25-ல் ஆட்டங்கள் 24 ஆயின. பாயிண்டு எவ்வளவு? 27 தான்! பதின்மூன்று கோஷ்டிகளில் பதினோராவது ஸ்தானம்.

சம்பளம் உயரவில்லை, குடும்பம் மட்டும் பெருகுகிறது என்று புலம்புகிற குமாஸ்தாவின் நிலைமை போல இருக்கிறது இது. ஆட்டம் கூடுகிறது, வரும்படி கூடவில்லை.

இத்தனைக்கும் இது சாமானியக் கோஷ்டி அல்ல. 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிய வருஷத்திலேயே பிறந்தது. இரண்டு தடவை சாம்பியன். 2015-ல் பாதி ஸீஸன் வரையில் பட்டியலின் அடியில் கிடந்து, பிறகு விழித்துக்கொண்டு வரிசையாக ஜயித்து ஏறியது. அந்த டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்ததும், சொந்த ஊரில் நடக்க வேண்டிய அரை இறுதி ஆட்டத்தைப் புனாவில் ஆட நேர்ந்ததும் நேயர்களுக்கு நினைவிருக்கும். கல்கத்தாக் கோஷ்டியை அங்கே மூன்று கோலுக்கு அடித்தார்கள். பிறகு கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் கடைசி நிமிஷங்களில் இரண்டு கோல் விழுந்து, தோல்வி வெற்றியாக மாறியது. ஊரே தண்ணீரில் தவித்துக் கரையேறிய சமயம் அது. டெலிவிஷன் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்த பலருக்கு அன்றைக்குக் கண் கலங்கியது உண்மை. எனக்கும்தான்.

2018 மார்ச் 17-ந் தேதி பெங்களூரில், பெங்களூர்க்காரர்களையே 3-2 என்று தோற்கடித்து இரண்டாவது கோப்பை வாங்கினார்கள். மைல்சன் ஆல்வெஸ் என்ற பிரேஸில்காரர் தலையால் முட்டி இரண்டு கோல் போட்டார். அவர் பேக் ஆட்டக்காரர் என்பதுதான் வேடிக்கை.

அதற்கு அடுத்த ஸீஸன்? 18 ஆட்டங்களில் 9 பாயிண்டு. கடைசி ஸ்தானம்! சாம்பியன் பட்டம் வாங்கிய ஒரே வருஷத்தில் கடைசி இடத்துக்கு வருவது என்றால் அதற்கும் ஒரு தனித் திறமை வேண்டும்.

இது சத்திரமா, வீடா?

பெரியமேட்டு நேரு ஸ்டேடியத்தில் எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர் வருவார். பெரம்பூர் ரயில்வே தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாலிபத்தில் லீக் பந்தயங்களில் ஆடியவர். ஒரு நாள், ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு, அவரைக் கேட்டேன்.

"ஏன் ஐயா, நம்ம கோஷ்டிக்கு என்னதான் வியாதி?"

"டீமா தம்பி இது? சத்திரம்! ராத்திரி வர்றான், படுக்கிறான், காலையிலே மூட்டையைக் கட்டிக்கினு போயிடறான். சத்திரத்துக்கு எவனாவது சுண்ணாம்பு அடிப்பானா?"

அவர் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2019 டிசம்பரில் ஜான் கிரகரி போய், ஸ்காட்லாந்துக்காரரான ஓவன் காயில் பயிற்சியாளராக வந்தார். அதள பாதாளத்திலிருந்து கோஷ்டியைத் தூக்கி இறுதி ஆட்டம் வரையில் கொண்டுபோனார். லிதுவேனியா தேசத்து வால்ஸ்கிஸ் அந்த ஸீஸனில் 15 கோல் அடித்தார். பிரேஸில்காரர் கிரிவெல்லாரோ அவருக்குப் பந்தை ஊட்டிக்கொண்டே இருந்தார். ஸீஸன் முடிந்தது. காயிலும் வால்ஸ்கிஸும் சேர்ந்தே ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார்கள். தங்கிய கிரிவெல்லாரோவுக்கு அடுத்த ஸீஸனின் நடுவில் காயம். கட்டிய கோபுரம் ஒரே மழையில் கரைந்தது.

அப்புறம் வருஷத்துக்கு ஒரு வாத்தியார். சபா லாஸ்லோ, பாண்டோவிச், பிரடாரிச். பாண்டோவிச்சும் ஸீஸன் முடியும் முன்பே போக, மிச்ச ஆட்டங்களை நம்ம ஊர் சபீர் பாஷா கவனித்தார். மூன்று வருஷமும் எட்டாவது ஸ்தானம்தான். 2023-ல் மறுபடியும் காயில். 2025-ல் அவரும் விலக, கிளிபர்டு மிராண்டா வந்தார். ஒவ்வொரு வாத்தியாரும் தமக்குப் பிடித்த வெளிநாட்டுக்காரர்களோடு வருகிறார். அவர் போனால் அவர்களும் போகிறார்கள். ஒருவர் நீளமாகப் பந்தை உதைக்கச் சொல்லுவார். இன்னொருவர் குட்டையாகத் தட்டச் சொல்லுவார். ஆட்டக்காரன் எந்தப் பாடத்தைப் படிப்பான்?

விற்ற சரக்கின் மதிப்பு

வெளிநாட்டார் போவதைக்கூட மன்னிக்கலாம். அவர்கள் விருந்தாளிகள். என் மனத்தை அறுப்பது வேறு விஷயம்.

2022-23 ஸீஸனில், லீகின் தலைசிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்தை வாங்கியவர் மிஜோராம் வாலிபர் சாங்டே. சிறந்த கோல் கீப்பருக்கான தங்கக் கையுறையை வாங்கியவர் விஷால் கைத். சாங்டே மும்பைக்கு ஆடினார். மும்பை அந்த வருஷம் லீக் கேடயம் வென்றது. கைத் கல்கத்தாவின் மோகன் பகான் கோஷ்டியில் ஆடினார். அவர்கள் கோப்பையை வென்றார்கள். இந்த இருவரும் 2019-ல் சென்னைக்கு வந்து, நமது நீலச் சட்டையைப் போட்டு ஆடியவர்கள். 2022-ல் இருவரும் போனார்கள். போன மறு ஸீஸனில் கேடயம் ஒருவர் வீட்டில், கோப்பை மற்றவர் வீட்டில். நமக்கு எட்டாவது ஸ்தானமும் 27 பாயிண்டும்!

அனிருத் தாபா 2016-ல் மீசை அரும்பாத பையனாக வந்தார். ஏழு வருஷம் இங்கேயே வளர்ந்து காப்டனாகி, 2023-ல் மோகன் பகானுக்குப் போனார். கல்கத்தாவில் பணம் இருக்கிறது, லட்சம் ஜனக் கூட்டம் இருக்கிறது. போகிறவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஒருவரை இழக்கும்போது அவர் இடத்துக்கு இரண்டு வருஷம் முன்பே ஒருவரைத் தயார் செய்து வைத்திருக்க வேண்டாமா? வாழை மரம்கூடத் தார் போடும் முன்பே பக்கத்தில் கன்று விடுகிறதே.

இங்கே ஒரு கணக்கை நேயர்கள் கவனிக்க வேண்டும். லீக் தொடங்கிய காலத்தில் மைதானத்தில் ஆறு வெளிநாட்டார் ஒரே சமயத்தில் நிற்கலாம். 2017-ல் அது ஐந்தாயிற்று. 2021-ல் நான்கு. பதினோரு பேரில் ஏழு பேர் இந்தியராக இருந்தே தீர வேண்டும் என்று ஏற்பட்ட பிறகு, கோஷ்டியின் தலைவிதி அந்த ஏழு பேர் கையில்தான் இருக்கிறது. எலானோ, மாட்டெராஸி போன்ற உலகப் புகழ் பெற்றவர்களை அழைத்து வந்து கொட்டகையை நிரப்பிய காலம் மலையேறிவிட்டது. அதைப் புரிந்துகொண்ட கோஷ்டிகள் இந்திய வாலிபர்களைத் தேடி அலைந்தன. நாம் விற்றுக்கொண்டிருந்தோம்.

கோயமுத்தூர் காட்டிய வழி

நம்மவர்கள் கடைசி ஸ்தானத்தில் கிடந்த அதே 2018-19-ல், தமிழ்நாட்டின் இன்னொரு கோஷ்டி ஐ-லீக் சாம்பியன் ஆயிற்று. சென்னை சிட்டி எஃப்.சி. பெயர்தான் சென்னை, ஆடியது கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்தில். சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்சி கொடுத்தார். கடைசி நாளில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஒரே ஒரு பாயிண்டு வித்தியாசத்தில் ஈஸ்ட் பெங்காலை முந்தினார்கள். எட்வின் வன்ஸ்பால், அஜித் குமார், பிரவிட்டோ ராஜு என்று நம் பையன்கள் அதில் ஆடினார்கள்.

கன்னியாகுமரி ஜில்லாவின் கடற்கரைக் கிராமங்களைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. தூத்தூர்ப் பக்கம் போனால் படகுகளுக்கு நடுவிலே கிடைத்த இடத்தில் எல்லாம் பந்து உருளும். அந்த மணலிலிருந்து வந்தவர்தான் மைக்கேல் சூசைராஜ். சென்னை சிட்டியில் பிரகாசித்தார். 2018-ல் அவரை அழைத்துக்கொண்டது ஜாம்ஷெட்பூர். பிறகு கல்கத்தாவின் ஏ.டி.கே. கோஷ்டி. 2020 மார்ச் 14-ந் தேதி இறுதி ஆட்டத்தில் நம்மை 3-1 என்று தோற்கடித்துக் கோப்பையைக் கொண்டுபோனது அந்த ஏ.டி.கே.தான்!

நந்தகுமார் சேகர் சென்னைப் பையன். டில்லிக்குப் போனார், ஒடிஸாவுக்குப் போனார், 2023-ல் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். அந்த ஆகஸ்டில் டூராண்டு கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அவர் அடித்த ஒற்றைக் கோல், நாலு வருஷமாக அந்த ஜன்மப் பகையாளியிடம் தோற்றுக்கொண்டே இருந்த ஈஸ்ட் பெங்கால் ரஸிகர்களின் தாகத்தைத் தீர்த்தது. கல்கத்தா நகரம் ஒரு தமிழ்ப் பையனைத் தோளில் தூக்கியது. நாம் பத்திரிகையில் படித்தோம்.

ஆனால் உணர்ச்சியில் நான் மூழ்கிவிடக் கூடாது. சென்னை சிட்டி ஜயித்தது தமிழ்ப் பையன்களால் மட்டுமே என்று சொல்லுவது பொய். பெட்ரோ மான்ஸி 21 கோல் அடித்தார். கூடவே ஸ்பெயின் தேசத்து ஆட்டக்காரர்கள் நடுப் பகுதியை ஆண்டார்கள். நமது இரண்டாவது கோப்பையில் வியாசர்பாடித் தனபால் கணேஷின் உழைப்பு உண்டு. மிஜோராம் ஜெஜேயின் கோல்களும் உண்டு. ஊர் அபிமானம் கோல் போடாது. 2025 அக்டோபரில் கோவாவில் நடந்த சூப்பர் கோப்பைக்கு இந்திய ஆட்டக்காரர்களை மட்டும் வைத்துப் போனார்கள். மோகன் பகானிடம் 0-2, ஈஸ்ட் பெங்காலிடம் 0-4.

அந்த வருஷத்துச் சோதனையையும் சொல்லத்தான் வேண்டும். லீகை நடத்தும் உரிமை ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவதாக இருந்தது. புது ஒப்பந்தம் ஏற்படாததால் ஜூலையிலேயே லீகை நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் சென்னைக் கோஷ்டி தன் காரியங்களை எல்லாம் நிறுத்திவைத்தது. ஆட்டக்காரனுக்கு வயசு காத்திருக்குமா? கடைசியில் 14 கோஷ்டிகள், ஒருவரோடு ஒருவர் ஒரே தடவை, மொத்தம் 91 ஆட்டங்கள் என்று சுருக்கி, 2026 பிப்ரவரி 14-ந் தேதி ஸீஸனை ஆரம்பித்தார்கள். இதில் எந்த ஒரு கோஷ்டியையும் தனியாகக் குறை சொல்ல நான் தயாரில்லை. நோய் இந்தியக் கால்பந்து முழுவதற்கும்.

என் கையில் பேனா இருந்தால்

ஆட்டக்காரர் பட்டியலை எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தால், வெளிநாட்டாரில் முதலில் நடு பேக்கை எடுப்பேன். இரண்டாவது, நடு ஹாப். மூன்றாவதுதான் கோல் அடிப்பவர். நம்மவர்கள் எப்போதும் தலைகீழாகச் செய்கிறோம். கோல் போடுகிறவருக்குக் கை தட்டல் அதிகம், அதனால் அவருக்கே முதல் செலவு. இரண்டு கோப்பை வென்றபோதும் பின்கட்டு பலமாக இருந்ததை மறந்துவிட்டோம். இந்த மூவருக்கும் இரண்டு வருஷத்துக்குக் குறையாமல் ஒப்பந்தம். வயசு முப்பதைத் தாண்டினால் இரண்டு தடவை யோசிப்பேன்.

பயிற்சியாளரை மூன்று வருஷத்துக்குத் தொடமாட்டேன். முதல் வருஷம் பத்தாவதாக வந்தாலும் சரி. மிராண்டாவைப் போன்ற இந்தியப் பயிற்சியாளர்களிடம் இந்த நம்பிக்கையை வைக்கலாம் என்பது என் அபிப்பிராயம். 2023-ல் ஒடிஸா சூப்பர் கோப்பை வாங்கியபோது பயிற்சி கொடுத்தவர் அவரே. அந்தக் கோஷ்டியில் நமது நந்தகுமாரும் இருந்தார். இந்தியப் பையன்களின் பலமும் பலவீனமும் அவருக்கு மனப்பாடம்.

மிச்சப் பணம் எங்கே போக வேண்டும் என்பதில்தான் எனக்கும் பெரியவருக்கும் தகராறு. மிஜோராமிலும் மணிப்பூரிலும் ஆள் வைத்துத் தேட வேண்டும் என்பது என் கட்சி. அங்கேதான் இந்தியக் கால்பந்தின் விளைநிலம் இருக்கிறது.

"தேடு தம்பி, வேணாங்கல. ஆனா பேஸின் பிரிட்ஜ் தாண்டினா வியாசர்பாடி. ரயிலுகூட ஏற வேணாம், நடந்தே போவலாம். அங்கே காலையிலே ஆறு மணிக்கு ஒரு ஆளை நிக்க வெச்சியா?"

பன்னிரண்டு, பதின்மூன்று வயசுப் பையன்களை எடுத்துச் சோறும் படிப்பும் பந்தும் கொடுத்தால், ஆறு வருஷத்தில் இரண்டு பேராவது முதல் கோஷ்டிக்குத் தேறுவார்கள் என்பது அவர் கணக்கு. ஆறு வருஷம் எந்த முதலாளி காத்திருப்பார் என்றேன் நான்.

"நான் காத்துக்கினு இருக்கேனே! அறுபத்தெட்டு வயசுலே டிக்கெட்டு வாங்கிக்கினு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, வேர்க்கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். கீழே மைதானத்தில் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார்கள்.