மேசையைக் குறைப்பதா, கதிரையை உயர்த்துவதா?



இம்மாதம் சமையலையும் தையலையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு மேசையைப் பற்றி உங்களோடு பேசப் போகிறேன். மேசையில் பேச என்ன இருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இரண்டு மூன்று அங்குலக் கணக்குத் தெரியாமல் நாங்கள் ஒரு நல்ல மேசையைக் கெடுத்தோம். வீட்டின் பெரிய மனுஷி ஒருவரையும் பல நாள் தனியாகச் சாப்பிட வைத்தோம். அந்தத் தவறு உங்கள் வீட்டில் நடக்காதிருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

திருகோணமலை லிங்கநகரில் எங்கள் வீடு சிறியது. ஒரு விறாந்தை, இரண்டு அறை, ஒரு குசினி. விறாந்தைதான் பகலில் சாப்பாட்டறை, மாலையில் பிள்ளைகளின் படிப்பறை, விருந்தாளி வந்தால் இரவில் படுக்கையறை. பாய் விரித்து, நடுவில் சஹன் வைத்து, சுற்றி இருந்து சாப்பிடுவதே எங்கள் வழக்கம். கலியாண வீட்டில் ஒரு சஹனுக்கு ஆறு பேர் என்றால், எங்கள் வீட்டில் மாமியும் நானும் பிள்ளைகள் இருவரும் ஒரு சஹன்.

மாமிக்கு எழுபது வயது தாண்டியதும் முழங்கால் மடங்க மறுத்தது. பாயில் இருந்தால் எழும்ப இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். மானமுள்ள மனுஷி. “எனக்கு இப்ப பசியில்ல மகள், நீங்க எல்லாரும் சாப்பிடுங்க” என்று சொல்லிவிடுவார். நாங்கள் எழும்பிய பிறகு, கட்டில் ஓரத்தில் இருந்து பீங்கானை மடியில் வைத்துக்கொண்டு, ஆறிய சோற்றைத் தனியாகச் சாப்பிடுவார். முதலில் நானும் அதை உண்மையென்றே நம்பினேன். ஒருநாள் குசினி வாசலில் நின்று பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது.

பிள்ளைகளின் வாப்பா உடனே ஒரு மேசை வாங்கி வந்தார். பழைய கந்தோர் மேசை; முதிரை மரம்; ஒரு பக்கம் லாச்சி. உயரம் 30 அங்குலம். கதிரைகள் ஏற்கனவே இருந்தன. என் கலியாணத்தோடு வந்த, பிரம்பு பின்னிய நான்கு கதிரைகள்.

முதல் நாள் மாமியை இருத்தினோம். மேசை அவர் நெஞ்சுக்கு வந்தது. கையைத் தோள் மட்டத்துக்குத் தூக்கிச் சோற்றைப் பிசைந்தார். ஆணம் முழங்கை வழியே வடிந்து வெள்ளைச் சேலையில் விழுந்தது. பிள்ளைகள் சிரிக்கவில்லை; ஆனாலும் அவருக்கு வெட்கமாகிவிட்டது. மறுநாள் மறுபடியும் கட்டில் ஓரம்.

“மேசைதான் உயரம்” என்று முடிவு கட்டினோம். ஓடாவி நானாவை அழைத்தோம். நான்கு காலிலும் மூன்று அங்குலம் வெட்டினார். மேசை 27 அங்குலமானது. இப்போது கை சரியாக வந்தது. ஆனால் லாச்சி தொடையில் முட்டியது. மாமியால் காலை உள்ளே விட முடியவில்லை. மேசைக்குத் தள்ளியிருந்து குனிந்து சாப்பிட வேண்டியதாயிற்று. அதைவிட மோசம், கதிரையிலிருந்து எழும்பவே அவரால் முடியவில்லை. பாயில் பட்ட பாடு கதிரைக்கு வந்துவிட்டது.

அந்த வாரம் கட்டாரில் இருக்கும் என் தம்பி தொலைபேசியில் பேசினான். அங்கே அவனுக்கு மரவேலை. வாகனத்தின் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் ‘காரவன்’ என்ற சக்கர வீடுகளின் உள்வேலைகளைச் செய்பவன். நவம்பர் அளவில் தொடங்கி வெயில் ஏறும்வரை அந்நாட்டுக் குடும்பங்கள் கடலோரத்திலும் மணல்வெளியிலும் போய்த் தங்குவார்கள். அந்தப் பருவம் வருமுன் அவனுக்குக் கை ஓயாத வேலை. கதையைக் கேட்டதும் அவன் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “ராத்தா, மேசையை வெட்ட முந்திக் கதிரையை அளந்தீங்களா?”

நாங்கள் அளக்கவில்லை.

அவன் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். சக்கர வீட்டுக்குள் இடம் மிகக் குறைவு. ஒரு மேசை, அதன் இரு புறமும் எதிரெதிரே இரண்டு வாங்கு. பகலில் அங்கே சாப்பாடு. இரவில் மேசையைத் தாங்கும் குழாய்க் கால்களைக் கழற்றி, பலகையை வாங்குகளின் மட்டத்துக்கு இறக்கி, ஓரச் சட்டத்தில் அமர்த்தி, மேலே மெத்தைகளைப் பரப்பினால் கட்டில் தயார். அமெரிக்காவில் எயார்ஸ்ட்ரீம் நிறுவனம் 1936இல் வெளியிட்ட ‘கிளிப்பர்’ என்ற சக்கர வீட்டிலேயே, சாப்பிடும் இடம் படுக்கையாக மாறும் ஏற்பாடு இருந்தது. இன்றும் பெரும்பாலும் அதே முறைதான்.

அந்த மேசைகளைப் பற்றி அவனிடம் அடிக்கடி வரும் குறை, “மேசை உயரமாக இருக்கிறது, கால்களை வெட்டிக் கொடு” என்பதுதானாம். “நான் முதல்ல மேசையைத் தொட மாட்டேன் ராத்தா. வாங்கு மெத்தையை அமுக்கிப் பார்ப்பேன்” என்றான். புதிதில் நான்கு அங்குலம் இருந்த பஞ்சு நாளடைவில் நசிந்து இரண்டாகிப் போயிருக்கும். மனிதர் தாழ்ந்துவிட, மேசை உயர்ந்ததுபோலத் தோன்றும். பஞ்சை மாற்றினால் பாதிக் குறை அங்கேயே தீர்ந்துவிடும். அதன் பிறகும் உயரம் என்றால்தான் காலில் கை வைப்பானாம். அந்தக் குழாய்களின் முனை, குழிக்குள் இறுகப் பொருந்துவதற்காகப் பெரும்பாலும் சற்று ஒடுங்கியிருக்கும். கண்டபடி வெட்டினால் பிடி விட்டு மேசை ஆடும். அதனால் அளவான வேறு கால் போடுவதே நல்லது. கால் குட்டையானாலும் இரவுப் படுக்கை கெடாது. ஏனென்றால் இரவில் பலகை நிற்பது ஓரச் சட்டத்தில், காலில் அல்ல. ஆனால் வாங்கையே பெட்டி வைத்து உயர்த்தினால் அந்தச் சட்டத்தையும் அதே அளவுக்கு உயர்த்த வேண்டும். இல்லாவிட்டால் படுக்கையின் நடுவில் பள்ளம் விழும்.

பேச்சு முடிந்ததும் அளவு நாடாவை எடுத்து என் கதிரைகளை அளந்தேன். செய்தபோது அவற்றின் இருக்கை பதினேழரை அங்குலம். மரச்சட்டம் இன்றும் அந்த அளவில்தான் இருக்கிறது. ஆனால் பிரம்பு தொய்ந்து, ஆள் இருந்தால் 15 அங்குலத்துக்குப் போய்விடுகிறது! குற்றம் கதிரையில், தண்டனை கொடுத்தது மேசைக்கு.

சகோதரிகளே, அளக்கும் முறையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, இருக்கை. ஆளை இருத்தி வைத்து அளக்க வேண்டும். வெறும் கதிரையை அளப்பதில் பயனில்லை. இரு பாதமும் தரையில் பதிய வேண்டும். சாதாரணமாக 17 முதல் 18 அங்குலம் போதும். முழங்கால் நோவுள்ளவர்களுக்கு இன்னும் ஒன்றிரண்டு அங்குலம் கூட்டுவது நல்லது. தாழ்ந்த இருக்கையிலிருந்து எழும்பும்போதுதான் முழங்காலுக்குப் பாரம் அதிகம்.

இரண்டாவது, இருக்கைக்கும் மேசையின் மேற்பலகைக்கும் உள்ள இடைவெளி. 10 முதல் 12 அங்குலம் வரை இருக்கலாம். கையைத் தொங்கவிட்டு முழங்கையை மடக்கினால், மேசை முழங்கை மட்டத்திலோ சற்று மேலேயோ இருக்க வேண்டும். நாம் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள். கரண்டிக்காரர்களைவிட நமக்குச் சற்றுத் தாழ்வான மேசைதான் வசதி.

மூன்றாவது, நாங்கள் மறந்தது. மேசையின் அடிப்பக்கத்துக்கும் இருக்கைக்கும் நடுவே தொடைக்கு இடம் வேண்டும். ஏழு அங்குலமாவது இருக்கட்டும். லாச்சியும் குறுக்குச் சட்டமும் உள்ள மேசைகளில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கின்படி எங்கள் வீட்டைத் திருத்தினோம். கதிரைகளுக்குப் புதுப் பிரம்பு பின்னியதும் இருக்கை பதினேழரைக்கு வந்தது. மாமியின் கதிரைக்கு மட்டும் நசியாத, கெட்டியான ஒன்றரை அங்குல மெத்தை போட்டு 19 ஆக்கினோம். மேசையின் நான்கு காலுக்கும் இரண்டு அங்குலக் கட்டை சேர்த்து 29க்கு உயர்த்தினோம். லாச்சியையும் அதைத் தாங்கிய சட்டத்தையும் கழற்றியதும் மேசையின் அடிப்பக்கம் 26 அங்குலத்தில் நின்றது. மாமிக்குத் தொடைக்கு ஏழு அங்குலம், கைக்குப் பத்து அங்குலம். எங்களுக்கு இடைவெளி பதினொன்றரை. எல்லோருக்கும் பொருந்தியது. வெட்டிய மூன்றில் இரண்டை மறுபடி ஒட்டினோம் என்றால், ஆரம்பத்தில் ஒரேயோர் அங்குலம் வெட்டியிருந்தால் போதும் என்பதுதானே கணக்கு! “அதுக்குத்தான் தங்கச்சி, முதல்ல கட்டை வைச்சு, செங்கல் வைச்சு நாலு நாள் இருந்து பார்க்கச் சொல்றது” என்றார் ஓடாவி நானா. வெட்ட முந்திச் சொல்லியிருக்கலாம்.

உயர்த்துவதைப் பரீட்சித்துப் பார்க்கச் செங்கல் போதும். ஆனால் நிரந்தரமாகச் செங்கலில் விடாதீர்கள். பிள்ளைகள் இழுத்தால் மேசை சரியும். கட்டையைக் காலின் அகலத்துக்கே சீவி, நடுவில் மரமுளை அடித்து, பசை பூசிப் பொருத்த வேண்டும். எங்கள் ஊர்போலத் துறைமுகக் காற்றுப்படும் இடங்களில் இரும்புத் திருகாணி விரைவில் துருவேறி மரத்தையும் கெடுக்கும். பித்தளை ஆணி போடுங்கள். மாரி மழையில் மரம் ஊதும். கச்சான் காற்றில் வற்றும். இறுக்கமாகப் பொருத்தும் வேலைகளை மழைக்காலத்தில் செய்தால் கச்சான் காலத்தில் ஆட்டம் காணும். வெட்டத்தான் வேண்டுமென்றால், அரை அரை அங்குலமாக வெட்டி, ஒவ்வொரு தடவையும் இருந்து பாருங்கள்.

சிறு பிள்ளைகளுக்காக மேசையைத் தாழ்த்தாதீர்கள்; அவர்கள் வளர்ந்துவிடுவார்கள். அவர்களின் இருக்கையை உயர்த்தி, பாதம் தொங்காமல் கீழே ஒரு பெட்டி வையுங்கள். வீட்டில் இடமில்லாத சகோதரிகள், சக்கர வீட்டைப்போல மேசையைக் கட்டிலாக மாற்றலாமா என்று கேட்கக்கூடும். மாற்றலாம். ஆனால் பலகை நான்கு மூலையில் மட்டும் நின்றால் போதாது. இரு புற வாங்குகளிலும் நீளத்துக்குச் சட்டம் அடித்து, அதன்மேல் அமர வேண்டும். சாப்பாட்டின் பாரம் வேறு. புரண்டு படுக்கும் ஆளின் பாரம் வேறு. இறக்கி ஏற்றும்போது பிள்ளைகளின் விரலைப் பத்திரமாகப் பாருங்கள்.

வேலை முடிந்த அன்று பகல் சோறும் மீன் ஆணமும். பிள்ளைகளின் வாப்பா பன்பாயை எடுத்து மேசைமேல் விரித்தார். “சஹன் மேசைக்கு ஏறக்கூடாதென்று யாராவது சொன்னார்களா?” என்று சிரித்தார். சஹனை நடுவில் வைத்தோம். மாமி கதிரையில் இருந்து, மீனின் முள் எடுத்து, முன்னைப்போலவே தன் பக்கத்துச் சதையைப் பிள்ளைகளின் பக்கம் ஒதுக்கினார். சாப்பிட்டு முடிந்ததும் மேசையில் கையூன்றி, ஒருவர் உதவியுமில்லாமல் எழும்பிக் கை கழுவப் போனார். போகும்போது சொன்னார்: “இரவைக்கும் இப்பிடியே வைங்க மகள். எனக்குப் பசிக்கும்.”

இந்த மாதம் நீங்களும் அளவு நாடாவை எடுங்கள். வீட்டில் எல்லோரும் எழும்பிய பிறகு தனியாகச் சாப்பிடுகிறவர் யாராவது இருந்தால், “பசியில்லை” என்ற பேச்சை உடனே நம்பிவிடாதீர்கள். அவர் இருக்கும் இடத்தை முதலில் அளந்து பாருங்கள்.