காலி செல் பூஜ்யம் அல்ல!

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கி எக்ஸெல் பழகுபவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. காலியாகக் கிடக்கும் செல்லைக் கண்டால் உடனே 0 என்று டைப் செய்து விடுவார்கள். ஷீட் அழகாகி விடும். கணக்குதான் கெட்டுப் போகும்.

தூத்துக்குடி மாவட்ட மழைப் பட்டியலில் கோவில்பட்டி, கயத்தாறு போல கழுகுமலைக்கும் தனி வரி உண்டு. அதில் 0 என்றால் மழை இல்லை. காலி என்றால் அளவு தெரியவில்லை. இந்தத் ‘தெரியவில்லை’க்கு புரோகிராமர்கள் வைத்த பெயர் ‘நல்’. பெயரில்தான் நல் இருக்கிறது!

ஐந்து நாள் மழை 12, 0, காலி, 8, 20 மில்லிமீட்டர் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆவரேஜ் ஃபங்ஷன் காலியை விட்டுவிட்டு, 40-ஐ 4-ஆல் வகுத்து 10 என்று சொல்லும். காலியில் நீங்கள் 0 போட்டால் விடை 8. மானாவாரிக் கரிசல் காட்டில், மழை அளவை வைத்து இழப்பீடு கணக்கிடும் காப்பீடு என்றால் இந்த வித்தியாசம் விவசாயியின் பணம். இன்னொரு எச்சரிக்கை: சமக்குறி போட்டு அந்தக் காலி செல்லை வேறு இடத்துக்குக் கொண்டு போனால் எக்ஸெல்லே 0 காட்டும்.

புரோகிராமிலும் இதே தொல்லைதான். 1965-ல் அல்கால் டபிள்யூ மொழியில் நல்லைச் சேர்த்தவர் டோனி ஹோர், கொழும்பில் பிறந்தவர். அதை நூறு கோடி டாலர் தவறு என்று 2009-ல் அவரே சொன்னார்.

2014-ல் வந்த ஜாவா 8-ல் ஒரு பட்டியலை ஃபில்டர், மேப், ரெடியூஸ் என்று வரிசையாக அனுப்பலாம். அதாவது வடிகட்டு, மாற்று, ஒன்றாகச் சேர். வடிகட்டாமல் விட்ட நல்லின் மேல் மேப் கணக்குப் போட முயன்றால் புரோகிராம் பிழை காட்டி நின்று விடும். அதற்குப் பயந்து சிலர் நல்லை 0 ஆக்கி விடுகிறார்கள். இது வைத்தியம் அல்ல, நோயை மறைப்பது. நின்று போன புரோகிராமாவது தவறைச் சொல்லும். 0 போட்ட புரோகிராம் தவறான விடையைத் தைரியமாகத் தரும்.

முதலில் ஃபில்டர் செய்வதே சரி என்பது என் கருத்து. ஆனால் சத்தமில்லாமல் வடிகட்டுவதும் போதாது. ‘சராசரி 10, ஐந்தில் நான்கு நாள் பதிவு’ என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். மொத்தம் கேட்டால் ‘குறைந்தது 40’ என்பதுதான் நேர்மையான பதில்.

எக்ஸெல்லில் இதற்கு கவுன்ட்பிளாங்க் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. கூட்டுவதற்கு முன் அதைப் போட்டுக் காலி செல்களை எண்ணி விடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதில் வெட்கம் எதுவும் இல்லை.