கழுத்தில் கட்டி: காலங்கடத்தல் ஆகாது!

பாவில் ஓர் இழை அறுந்தால் ஆரணி நெசவாளத் தோழர் என்ன செய்கிறார்? அப்போதே தறியை நிறுத்துகிறார். அறுந்த இழையைத் தேடி முடிகிறார். பிறகுதான் நாடாவை ஓட்டுகிறார். 'அப்புறம் பார்த்துக் கொள்ளலாம்' என்று விட்டால் சேலை கெடும், கூலியும் குறையும் என்பது அவருக்குத் தெரியும். சேலைக்குக் காட்டும் இந்த விழிப்பை அவர் தம் கழுத்துக்குக் காட்டுவதில்லையே என்பதுதான் நமது கவலை!

இரு கையும் இரு காலும் தறியில் இருக்கும்போது பீடி பிடிக்க முடியாது. வெற்றிலையோடு புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக் கொள்ளலாம். அடக்கிய இடத்தில் புண் வருகிறது, ஆறவில்லை. சில மாதங்களில் தாடைக்குக் கீழே நெறி கட்டுகிறது, வலிக்கவில்லை. வலி இல்லாததால் கவலையும் இல்லை! குழித்தறியில் குனிந்தே இருப்பதால் வந்த வீக்கம் என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிப் பத்துப் போடுகிறார். இந்தச் சமாதானம்தான் ஆளைக் கொல்கிறது.

வாயிலும் நாக்கிலும் தொண்டையிலும் தோன்றும் புற்று, தோன்றிய இடத்தோடு நிற்பதில்லை. நம் கழுத்தில் ஏறத்தாழ 300 நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன. கிருமியை மறித்து நிறுத்தும் காவற்சாவடிகள் அவை. புற்றணுக்கள் நிணநீரோடு மிதந்து வந்து முதலில் தங்குவது அங்கேதான். அங்கே அவை குடியேறிவிட்டால், நோயாளி பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடுகிறது என்று மருத்துவ உலகம் சொல்கிறது.

கட்டி என்றாலே புற்று என்று யாரும் அஞ்ச வேண்டாம். சொத்தைப் பல்லாலும் தொண்டைப் புண்ணாலும் நெறி கட்டும், வலிக்கும், வந்த காரணம் தீர்ந்தால் வடியும். காசநோயாலும் கட்டும். ஆனால் மூன்று வாரம் கடந்தும் வடியாமல், கல்லைப்போல் கெட்டியாக, வலியின்றி வளரும் கட்டியை ஐயப்பட்டே தீர வேண்டும். எது எந்தக் கட்டி என்று பார்வையால் முடிவு கட்ட யாராலும் ஆகாது. மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து சிறிது நீரையும் அணுக்களையும் உறிஞ்சி, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். சில நிமிட வேலை! இந்தச் சோதனை செய்யாமல் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குவதும், எடுத்த எடுப்பில் கட்டியைக் கீறிவிடுவதும் கேடு.

கைக்குக் கட்டி தட்டுப்படவில்லை என்றால் கழுத்து சுத்தமா? அதுவும் இல்லை! வாய்ப்புற்று உள்ளவர்களில், தடவிப் பார்த்து ஒன்றும் இல்லை என்று சொல்லப்பட்ட 100 பேரில் 20 முதல் 30 பேருக்குக் கணுவுக்குள் நோய் ஒளிந்திருக்கிறது. அல்ட்ராசவுண்டும் சி.டி. ஸ்கேனும் கையைவிடக் கூர்மையானவை. எனினும் மிகச் சிறியது அவற்றுக்கும் தப்பிவிடும்.

அப்படியானால் என் செய்வது? விடை சொன்னது மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை. கழுத்தில் கட்டி தெரியாத, தொடக்கநிலை வாய்ப்புற்று நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள் டாக்டர் அனில் டிக்ரூஸும் அவர் குழுவினரும். ஒரு பிரிவினருக்கு வாயில் அறுவை செய்யும்போதே கழுத்துக் கணுக்களையும் எடுத்தனர். மறு பிரிவினருக்குக் கட்டி தெரியும்வரை காத்திருந்தனர். 2015-இல் வெளியான முடிவு என்ன? மூன்றாண்டு கடந்து உயிரோடிருந்தவர்கள், முன்கூட்டியே எடுத்த பிரிவில் 100-க்கு 80. காத்திருந்த பிரிவில் 67 அல்லது 68. தேர்ந்த மருத்துவர்கள் கண்காணித்துக் காத்திருந்தபோதே இவ்வளவு வேறுபாடு என்றால், பத்துப் போட்டுக் காத்திருப்பவர் கதி என்ன? எண்ணிப் பாருங்கள்!

நெசவுக்குப் பேர்போன காஞ்சியில் பிறந்த அறிஞர் அண்ணாவை உணவுக்குழாய்ப் புற்று 1969 பிப்ரவரி 3-இல் நம்மிடமிருந்து பறித்தது. அவர் பெயரால் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை நிற்கிறது. ஆரணியிலிருந்து செய்யாறு வழியே பேருந்தேறினால் போய்ச் சேரலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் சென்னையில் இருக்கிறது. ஏழைக்கு அறுவைச் செலவைத் தாங்க அரசின் மருத்துவக் காப்பீடு இருக்கிறது. ஆனால் தறி நின்ற நாளின் கூலியை யார் தாங்குவது? ஒரு நாள் மருத்துவமனைக்குப் போனால் அன்றைய அடுப்புக்கு வழியில்லை. அதனால்தான் 'இந்தச் சேலை அறுக்கட்டும், பிறகு போகலாம்' என்கிறார் தோழர். அது அறியாமை அல்ல, வறுமை! அவரைக் குறை சொல்வது எளிது. வழி செய்வதன்றோ கடமை?

வழி இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கி, மருத்துவர் அல்லாத ஊழியர்களுக்குப் பயிற்சி தந்து, வீடு வீடாக வாயைச் சோதித்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு 34 விழுக்காடு குறைந்தது என்று 2005-இல் அறிவித்தார்கள். விலையுயர்ந்த எந்திரத்தால் அல்ல, வெளிச்சத்தாலும் கண்ணாலும்!

அது ஆரணித் தறித்தெருக்களுக்கு வரட்டும் என்கிறோம். பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களின் வாயிலிலேயே வாயும் கழுத்தும் சோதிக்கும் முகாம் நடக்கட்டும். ஐயத்துக்குரிய கட்டிக்கு ஊசிச் சோதனை உள்ளூர் அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கட்டும். சோதனைக்குப் போகும் நாளுக்குக் கூலி ஈடு கட்டப்படட்டும். சலுகையல்ல இவை, பட்டுடுத்தும் நாடு அதை நெய்பவனுக்குப் பட்டிருக்கும் கடன்!

அரசு செய்யும்வரை நாம் சும்மா இருக்கலாமா? கிளைக்கழகத் தோழர்கள் தத்தம் தெருவில் விசாரிக்கட்டும். ஆறாத வாய்ப்புண்ணோ வடியாத கழுத்துக் கட்டியோ உள்ளவர் ஒருவர் இருந்தாலும், அவரைக் கையோடு மருத்துவமனைக்கு அழைத்துப் போகட்டும். ஓர் உயிர் பிழைத்தால் ஒரு குடும்பம் பிழைக்கும்!