உப்பு டப்பா எங்கே?

சென்ற வாரம் ஓசூர் போயிருந்தேன். பேருந்து நிலையத்தில், கைப்பேசி உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி பேச்சுவாக்கில் கேட்டாள்: "உடம்பை நாங்க செய்யறோம். உயிரை யார் கொடுக்கிறாங்க, அக்கா?"

நல்ல கேள்வி! உயிர் கொடுப்பது 'கெர்னல்' என்கிற அடிப்படை நிரல். புதிதாக வந்த சமையற்காரம்மாள் எவ்வளவு கெட்டிக்காரியானாலும், உப்பு டப்பா எங்கே, பருப்பு எங்கே என்று யாராவது சொல்லித்தானே ஆகவேண்டும்? கெர்னலுக்கும் அப்படியே. சில்லு புதுமாதிரியாக இருந்தால், நினைவகம் எங்கே, கடிகாரம் எங்கே என்று ஒவ்வொன்றாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

நம் சென்னை ஐ.ஐ.டி.காரர்கள் இதைச் சாதித்தார்கள். அவர்கள் வடிவமைத்த 'சக்தி' சில்லில் 2018-இல் லினக்ஸ் ஓடியது. முதலில் அமெரிக்காவில் செய்த சில்லில். அதே ஆண்டிலேயே சண்டீகரில் செய்த சில்லிலும். 'சக்தி' பேசுவது 'ரிஸ்க்-ஃபைவ்' பாஷை. லினக்ஸின் வெளியீட்டில் அந்தப் பாஷை இடம் பெற்றதே 2018 ஜனவரியில்தான்!

ஆனால் ஒரு தடவை சொல்லிக் கொடுத்தால் தீர்ந்துவிடாது. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கியது 386 என்ற சில்லுக்காக. 2012-இல் அந்தச் சில்லையே, கட்டிக் காப்பது வீண் சுமை என்று, கைவிட்டார்கள். தாய்வீட்டிலேயே இடமில்லை!

சில்லைப் பெற்றால் போதாது, வளர்க்கவும் வேண்டும். கெர்னல் மாற மாற, கூடவே திருத்தி எழுத ஆள் வேண்டும். அதற்குத் தொழிற்சாலை தேவையில்லை. ஒரு கணினி, கொஞ்சம் படிப்பு, நிறையப் பொறுமை.

ஓசூர்ப் பெண்ணே, உன் வீட்டில் படிக்கிற தங்கை யாராவது இருக்கிறாளா?