சிகிச்சை முடிந்த பிறகு யார் வருவார்?

புற்றுநோய்க்குக் கீமோ முடிந்து, கரண்டும் (கதிர்வீச்சும்) வைத்து முடித்த பெண்ணுக்கு மருத்துவமனையில் கிடைக்கும் கடைசி அறிவுரை சுருக்கமானது: எடை கூடக் கூடாது, நடக்க வேண்டும், சத்தாகச் சாப்பிட வேண்டும். வீட்டில் வேறு சட்டம். கத்திரிக்காயும் கருவாடும் ஆகாது என்று பத்தியம் போடுவார்கள். போன தெம்பு திரும்பட்டும் என்று இனிப்புச் சத்துபானத்தை வேளைக்கொரு டம்ளர் நீட்டுவார்கள்.

நடப்பது ஒப்புக்குச் சொல்லும் அறிவுரையா? 2025இல் வெளியான ஆய்வு ஒன்று, பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. பெரும்பாலோர் கனடா, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவர்கள். ஒரு பிரிவினருக்கு மூன்று ஆண்டுகள் உடற்பயிற்சி வழிகாட்டி இருந்தார், மற்றவர்களுக்குக் கையேடு. ஐந்தாண்டு முடிவில் நோய் திரும்பாமல் உயிரோடிருந்தவர்கள் முதல் பிரிவில் 80.3%, இரண்டாவதில் 73.9%.

அந்த வழிகாட்டியை அப்படியே கொண்டுவந்து உசிலம்பட்டியில் இறக்கிவிட முடியாது. அமெரிக்காவிலேயே முடியவில்லை. சிகாகோவில் கறுப்பினப் பெண்களுக்கென்று, அவர்கள் சமையலையும் சமூகத்தையும் கருதி, தனித் திட்டம் வகுக்க வேண்டியிருந்தது. அங்கும் பாடத்தை வாங்கித் தாமே படித்தவர்களைவிட, குழுவாகக் கூடி வழிகாட்டியுடன் செய்தவர்களே அதிக எடை குறைந்தார்கள். நியூயார்க்கில் ஸ்பானிய மொழி பேசும் பெண்களைச் சமையலறைக்கே அழைத்து, அவர்கள் ஊர்ப் பண்டங்களையே சமைத்துக் காட்டினார்கள். தட்டில் காய்கறியும் பழமும் கூடின.

நம் ஊருக்கு என்ன வேண்டும்? மேலைநாட்டு உணவுப் பட்டியல்களின் முதல் எச்சரிக்கைகள் மதுவும் மாட்டிறைச்சியும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கறி எடுக்கும் வீட்டில் சிக்கல் வேறு: சோறு மலையளவு, பருப்பும் முட்டையும் பேருக்கு. சமைப்பவள் கடைசியில், மிச்சத்தைச் சாப்பிடுகிறாள். மாமியாரையும் கணவரையும் உட்காரவைத்துப் பேசாத உணவுத் திட்டம் அடுப்படி வாசலைத் தாண்டாது.

மார்பக அறுவைக்குப் பிறகு கை வீங்கும் என்ற பயம் இன்னொன்று. அந்தக் கையால் குடம் தூக்காதே என்பார்கள். குழாயடியில் தண்ணீர் பிடிக்க வேறு ஆள் இருக்காது. எடையை மெல்ல மெல்லக் கூட்டிப் பயிற்சி செய்தால் வீக்கம் மோசமாவதில்லை என்று 2009லேயே ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனால் எவ்வளவில் தொடங்குவது, எப்போது கூட்டுவது என்பதைக் கையைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். கிராமத்துத் தெருவில், முடி முளைத்து முடியாத தலையோடு காரணமில்லாமல் நடக்கும் பெண்ணை நாலு பேர் நிறுத்தி விசாரிப்பார்கள் என்பதும் அந்த ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்படிப்பட்டவர்கள் தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டு வாசலில் கொடுக்கும் பெண் தன்னார்வலர்கள் உள்ளூர்க்காரர்கள். வீட்டுக்கே போகும் இயன்முறை மருத்துவர்களும் திட்டத்தில் உண்டு. புற்றுநோய் சிகிச்சை முடித்தவர்களையும் இவர்களின் பொறுப்பில் சேர்க்கலாம். மாத்திரை கொடுக்க வருபவர் என்று ஊருக்கு ஏற்கெனவே தெரிந்தவர் படியேறினால், நோயை மறைத்து வாழும் பெண்ணுக்கும் சங்கடமில்லை. பயிற்சிக்கும் கூடுதல் ஊதியத்துக்கும் பணம் ஒதுக்காமல் இந்த வேலையை அந்தப் பெண்கள் தலையில் கட்டக் கூடாது.