ஆன் ஆகவில்லை என்றால், எப்படி ஆகவில்லை?

"கம்ப்யூட்டர் ஆன் ஆக மாட்டேங்குது" என்று யார் போன் செய்தாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எப்படி ஆக மாட்டேங்குது? எதிர்முனையில் கொஞ்சம் எரிச்சல் தெரியும். ஆகலைன்னா ஆகலை, இதில் என்ன எப்படி என்பார்கள். ஆனால் இதில் மூன்று ரகம் இருக்கிறது, மூன்றுக்கும் வைத்தியம் வேறு. பட்டனை அழுத்தினால் ஒரு விளக்குகூட எரியாமல் பிணமாகக் கிடப்பது ஒன்று. ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கருப்பாகவே இருப்பது இன்னொன்று. கம்பெனி பெயர் வந்து, புள்ளிகள் சுற்றிச் சுற்றி, அதற்கு மேல் நகராமல் நிற்பது மூன்றாவது. இதைக் கேட்காமலேயே "போர்டு போயிடுச்சு சார், புதுசா எடுத்துக்கங்க" என்று சொல்லும் கடைகளும் ஊரில் உண்டு. போர்டு போகவே போகாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் புதுச்சேரி மாதிரிக் கடலோர ஊரில் போர்டுக்கு முன்னால் சந்தேகப்பட வேண்டியவை நிறைய இருக்கின்றன, அவ்வளவுதான்.

முதல் ரகத்தில் கோளாறு பெரும்பாலும் பெட்டிக்கு வெளியே இருக்கும். எங்கள் தெருவில் ஒரு சொல்தா பெரியவர் இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். ஊரைப் பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962-இல் அமலுக்கு வந்தபோது, கொடுத்த ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பம். பாரிசிலிருந்து மகள் கொண்டுவந்து கொடுத்த சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று அவரிடம் உண்டு. "ராத்திரி நல்லாத்தான் இருந்துச்சு தம்பி, காலையில உயிரே இல்ல" என்றார். போய்ப் பார்த்தால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பிளக் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்குகிறது. பிடுங்கினேன். ஒரு பின்னில் தீய்ந்த கருப்பு.

பிரெஞ்சு பிளக்கின் பின் 4.8 மில்லிமீட்டர் தடிமன். நம் ஊர் சாக்கெட் ஏறத்தாழ 5.1 மில்லிமீட்டர் பின்னுக்கானது. நுழையும், ஆனால் கவ்வாது. எர்த்தும் கிடைக்காது. அவர்கள் ஊரில் எர்த் பின் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், பிளக்கில் அதற்கு ஓட்டை. நம் சாக்கெட்டில் அந்த ஓட்டைக்குள் போக ஒன்றுமே இல்லை. அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்குவது, அதனால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. சுவரிலிருந்து அடாப்டருக்கு வரும் வயரை மட்டும் மாற்றி, நம்ம மூணு பின் வயரைப் போட்டதும் மிஷின் எழுந்துவிட்டது. வெளிநாட்டு உறவு இருக்கிற வீடுகளில் முதலில் நான் பார்ப்பது இப்போது அந்தப் பிளக்கைத்தான்.

இரண்டாவது ரகம்தான் எங்கள் ஊருக்கே உரியது. கடற்கரைச் சாலையிலிருந்து ஐந்தாறு தெரு தள்ளியிருந்தாலும் ஜன்னல் கம்பி துருப்பிடித்து உதிர்வதைப் பார்க்கிறோம். அதே காற்றைத்தான் கேபினெட்டின் ஃபேனும் நாள் முழுக்க உள்ளே இழுக்கிறது. தூசியோடு உப்பும் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். இங்கே விடியற்காலையில் 75-ஐத் தாண்டாத நாள்தான் குறைவு. காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. நனைந்த உப்பு கடத்தும், உலோகத்தையும் அரிக்கும். காலையில் அடம்பிடிக்கிற மிஷின் மத்தியானம் நல்ல பிள்ளையாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதில் முதலில் அடிவாங்குவது ரேம். அதன் அடிவிளிம்பில் வரிசையாகத் தெரியும் பட்டைகள் உண்மையிலேயே தங்கம்தான். ஆனால் பூச்சு பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே ஈரம் இறங்கி அடியிலிருக்கும் நிக்கலையும் செம்பையும் அரிக்கிறது. அந்த அரிப்பு மேலே வந்து படலமாகப் படிந்து தொடர்பை அறுக்கிறது. ரேம் கிடைக்காத மிஷின் தொடக்கச் சோதனையிலேயே நின்றுவிடும். 1981-இன் ஐபிஎம் பிசி காலத்திலேயே இந்தச் சோதனை உண்டு. கோளாறு என்ன என்று பீப் சத்தத்தில் சொல்லும். இப்போது வரும் போர்டுகள் பலவற்றில் அந்தக் குட்டி ஸ்பீக்கரையே வைப்பதில்லை. என்ன மிச்சம் பிடிக்கிறார்களோ, மிஷின் ஊமையாக நிற்கிறது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பத்து எண்ணும்வரை பவர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் கரண்ட் இறங்கிவிடும். கேபினெட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, ரேமின் ஓரத்துக் கிளிப்பை விலக்கினால் அது மெல்ல எழும்பும். பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் பட்டைகளைத் தேய்ப்பது நம் மெக்கானிக்குகளின் பழைய வித்தை. ரப்பர் கருப்பாகும், கம்ப்யூட்டரும் ஆன் ஆகும். ஆனால் அந்தக் கருப்போடு கொஞ்சம் தங்கமும் போகிறது. மழைக்கு மழை தேய்த்தால் அடுத்த அரிப்பு இன்னும் சீக்கிரம் வரும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நூல் விடாத துணியை நனைத்துத் துடைத்தாலே போதும். காய்ந்தபின் திரும்ப வைத்து, கிளிப் 'டக்'கென்று விழும்வரை அழுத்த வேண்டும். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். குற்றவாளி தெரிந்துவிடும்.

வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் வேறு கதை. பிரான்சிலிருந்து டிசம்பரில் வருகிறார்கள், கம்ப்யூட்டரைப் போடுகிறார்கள், அது என்றோ போன ஒரு தேதியைக் காட்டிக்கொண்டு எஃப்1 அழுத்தச் சொல்லி நிற்கிறது. போர்டில் காசு மாதிரி ஒரு 3 வோல்ட் பேட்டரி இருக்கும், சிஆர்2032. பிளக் பிடுங்கிக் கிடக்கும் மாதங்களில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்துபோனால் தேதி பின்னுக்குப் போய்விடும், பிறகு வங்கித் தளம் எதுவும் திறக்காது. இதற்கும் புதுக் கம்ப்யூட்டர் வாங்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

வெள்ளம் வந்த வீட்டுக்கு மட்டும் நான் சொல்வது நேர் எதிர். எதையும் போட்டுப் பார்க்காதீர்கள். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டர் மழை. கிருஷ்ணா நகரில் ராணுவம் வந்து ஆட்களை மீட்டது. மேஜைக்கடியில் தரையில் வைத்த கேபினெட்டுகளை யார் மீட்பது? தண்ணீர் வடிந்ததும் வெயிலில் ஒரு நாள் வைத்துவிட்டு ஆசையாக சுவிட்சைப் போட்டவர்களுடையதுதான் புகைந்தது. சுழலும் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலானவற்றில் காற்று போய்வர ஒரு பொடித் துளை உண்டு. சாக்கடைத் தண்ணீர் அதன் வழியே உள்ளே போயிருந்தால், ஓட்டிப் பார்க்கிற அந்த ஒரு முறையிலேயே கல்யாணப் போட்டோக்கள் கீறி அழிந்துவிடும்.

மூன்றாவது ரகம் மென்பொருள் சமாச்சாரம். 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால் உலகெங்கும் 85 லட்சம் விண்டோஸ் மிஷின்கள் நீலத் திரையில் நின்றன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். சேஃப் மோடில் போய் ஒரே ஒரு கோப்பை அழித்ததும் மிஷின்கள் எழுந்துகொண்டன. ஆகவே "ஃபார்மேட் பண்ணிடலாம் சார்" என்று யாராவது ஆரம்பித்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். விண்டோஸ் வரும் நேரத்தில் இரண்டு மூன்று முறை பவரை நிறுத்திப் போட்டால் பழுது நீக்கும் திரை தானே வரும். அங்கே ஸ்டார்ட்டப் ரிப்பேரும், கடைசி அப்டேட்டை நீக்கும் வழியும் இருக்கின்றன.

எதுவும் பலிக்கவில்லை என்றாலும் டிஸ்க்கைக் கழற்றி ஒரு யுஎஸ்பி உறையில் போட்டு வேறு மிஷினில் படித்துவிடலாம். புது லேப்டாப்புகளில் பல, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரோடு வருகின்றன, அவை மட்டும் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவியை அதே கம்ப்யூட்டரிலேயே சேமித்து வைத்திருப்பவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கு இருந்தால் போனிலேயே அதற்குள் நுழைந்து சாவி இருக்கிறதா பார்க்கலாம். இன்றைக்கே பார்த்து, ஒரு தாளில் எழுதி, பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள்.